ஒரே கருவி, இரண்டு கைகள்: வீட்டுக் குருதியமுக்கமானியோடு ஏழு மாதங்கள்

கடந்த ஜனவரியில், பனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகிக் கிடந்த வாரத்தில், நுவரெலியா நகரத்துப் பார்மசி ஒன்றில் 14,500 ரூபா கொடுத்து, மேற்கையில் கட்டி அளக்கும் தானியங்கிக் குருதியமுக்கமானி ஒன்றை வாங்கினேன். தோட்டத்தில் இதற்குப் ‘பிரஷர் மெசின்’ என்றுதான் பெயர். அதன் வணிகப் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளும் நிறைகளும் இந்த விலையில் கிடைக்கும் கருவிகளுக்கு ஏறக்குறையப் பொதுவானவை.

வாங்கிய அன்று மாலை அம்மாவுக்கும் எனக்கும் அளந்தேன். அம்மாவுக்கு 71 வயது. நாற்பது ஆண்டுகளுக்குக் கிட்டக் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். எனக்கு 46. அம்மாவின் கையில் 164க்கு 72 என்று காட்டியது. என் கையில் 144க்கு 98. “அம்மாவுக்குத்தான் கூட” என்று வீட்டில் எல்லாரும் முடிவு கட்டினார்கள். மேல் எண்ணை மட்டும் பார்த்தால் அது சரி. ஆனால் இரண்டு எண்களுக்கும் இடையிலான வித்தியாசம் அம்மாவுக்கு 92, எனக்கு 46. கீழ் எண்ணோடு அந்த வித்தியாசத்தில் மூன்றிலொரு பங்கைக் கூட்டினால் சராசரி அமுக்கம் ஏறத்தாழக் கிடைக்கும். அப்படிக் கணக்கிட்டால் அம்மாவுக்கு 103, எனக்கு 113. சராசரியில் என்னுடையதுதான் கூட! எங்கள் இருவருக்கும் ‘பிரஷர்’ என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்தினாலும், குருதிக்குழாய்களுக்குள் நடப்பது வேறு வேறு. அந்த வேறுபாட்டை வீட்டு மேசையில் வைத்துக் காட்டியதற்காகவே கொடுத்த காசு தகும் என்று நினைக்கிறேன். அதைப் பற்றி அறுபது பக்கக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை என்பது என் முதல் குறை.

கையேடு சொல்லாததை நான் வாசித்து அறிந்த அளவில் சொல்கிறேன். மேல் எண் இதயம் சுருங்கிக் குருதியைத் தள்ளும்போது, அதை உடலெங்கும் கொண்டுசெல்லும் குழாய்களான நாடிகளில் ஏறும் அமுக்கம்; கீழ் எண் இதயம் தளர்ந்து நிரம்பும்போது மிஞ்சியிருக்கும் அமுக்கம். இளமையில், இதயத்திலிருந்து புறப்படும் மிகப் பெரிய நாடியான பெருநாடி ஒரு மீள்தன்மையுள்ள பை போல வேலை செய்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வரும் குருதியில் ஒரு பகுதியை விரிந்து ஏந்திக்கொண்டு, இதயம் ஓய்வெடுக்கும் நேரத்தில் மீளச் சுருங்கி அதை முன்னே அனுப்புகிறது. இதனால் மேல் எண் மிகவும் ஏறாமலும் கீழ் எண் மிகவும் இறங்காமலும் இருக்கும். அந்த மீள்தன்மையைத் தருவது எலாஸ்ரின் என்ற புரதத்தாலான நார்கள். அவை பெரும்பாலும் கருவிலும் குழந்தைப் பருவத்திலும் உருவாகிவிடுகின்றன. பிறகு உடல் அவற்றை ஏறத்தாழப் புதுப்பிப்பதே இல்லை. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவை என்று வைத்துக்கொண்டால், 71 ஆண்டுகளில் 250 கோடிக்கும் அதிகமான தடவைகள் அம்மாவின் பெருநாடி விரிந்து சுருங்கியிருக்கிறது. அத்தனை இழுவைக்குப் பின் நார்கள் அறுந்து, அவற்றின் இடத்தைக் கொலாஜன் என்ற விறைப்பான நார் பிடித்துக்கொள்கிறது. கல்சியமும் சுவரில் படிகிறது.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பொதுக் குழாயைத் திடீரென்று மூடினால் பழைய இரும்புக் குழாய் முழுவதும் ‘டங்’ என்று அதிரும். அதே தண்ணீரை இறப்பர் குழாயில் விட்டு மூடினால் அது சற்று உப்பி அந்த அதிர்வை விழுங்கிவிடும். வயதான பெருநாடி இரும்புக் குழாயின் பக்கம் சாய்கிறது. அதனால் மேல் எண் ஏறுகிறது. ஏந்தி வைத்துத் திருப்பிக் கொடுக்க ஆளில்லாததால் கீழ் எண் இறங்குகிறது. துடிப்பின் அலை ஓடும் வேகமும் கூடுகிறது. இளம் பெருநாடியில் விநாடிக்கு ஐந்தாறு மீற்றராக இருக்கும் அந்த வேகம் முதுமையில் பத்து மீற்றரையும் தாண்டலாம். வேகம் கூடினால், நாடிகளின் கிளைகளில் மோதித் திரும்பும் எதிரலை, இதயம் இன்னும் தள்ளிக்கொண்டிருக்கும்போதே வந்து சேர்ந்து அதன் சுமையைக் கூட்டுகிறது. இதயத் தசைக்குக் குருதி கொடுக்கும் முடியுரு நாடிகள் பெரும்பாலும் இதயம் தளர்ந்திருக்கும் வேளையில்தான் நிரம்புகின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அம்மாவின் 72 என்ற ‘நல்ல’ கீழ் எண்ணை நான் ஏன் நல்லதென்று எடுத்துக்கொள்ளவில்லை என்பது விளங்கும். மூளையும் சிறுநீரகமும் நிறையக் குருதியைச் சிறு தடையோடு வாங்கும் உறுப்புகள். பெருநாடி விழுங்காமல் விட்ட அதிர்வு அங்குள்ள மிக நுண்ணிய குழாய்கள்வரை போய் அடிக்கிறது.

என் கதை வேறு. மேல் எண்ணும் கீழ் எண்ணும் சேர்ந்தே ஏறியிருந்தால், தடை பெரும்பாலும் சிறு நாடிகளில் இருக்கிறது என்று பொருள். அவை சுருங்கியே கிடந்து, காலப்போக்கில் சுவர் தடித்து உள்வழி ஒடுங்கிவிடுகின்றன. ஐம்பது அறுபது வயதுவரை இரு எண்களும் கூடிக்கொண்டு போவதும், அதன்பின் மேல் எண் ஏற ஏறக் கீழ் எண் இறங்குவதும், அமெரிக்காவின் பிராமிங்ஹாம் நகரில் 1948 முதல் நடந்துவரும் நீண்ட ஆய்வில் தெளிவாகப் பதிவாகியிருக்கின்றன. என்னுடையதைக் கவனிக்காமல் விட்டால், இருபத்தைந்து ஆண்டுகளில் அம்மாவின் எண்களுக்கு நானும் வந்து சேருவேன், அதுவும் அவரைவிட மோசமாக. ஏனென்றால் உயர் அமுக்கம் நாடியின் முதுமையை முன்கூட்டியே கொண்டுவருகிறது, விறைத்த நாடி அமுக்கத்தை மேலும் உயர்த்துகிறது. எது முதலில் என்று கேட்டால் கோழியா முட்டையா என்ற கதைதான்.

இந்த இரண்டு கதைகளும் சந்திக்கும் இடம், குருதிக்குழாயின் உட்புறத்தில் ஒரே ஒரு கல அடுக்காக விரிந்திருக்கும் அகவணி. 1980 இல் றொபேட் பேர்ச்கொட் என்ற அமெரிக்க விஞ்ஞானி, முயலின் பெருநாடித் துண்டுகளில் இந்த அடுக்கு இருக்கும்போது அசற்றைல்கோலின் என்ற இரசாயனப் பொருளை இட்டால் நாடி தளர்வதையும், அடுக்கு உரசுப்பட்டுப் போயிருந்தால் தளராததையும் கண்டார். தளர்த்தும் பொருள் நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயு என்பது பின்னர் நிறுவப்பட்டது. 1998 இல் அவரும் இன்னும் இருவரும் நோபல் பரிசு பெற்றார்கள். வயது கூடக் கூட இந்த வாயுவின் உற்பத்தி குறைகிறது; உற்பத்தியானதும் ஒட்சியேற்ற அழுத்தத்தால் (கலங்களைச் சேதப்படுத்தும் ஒட்சிசன் மூலக்கூறுகள் மிகுவதால்) விரைவில் அழிகிறது. உயர் அமுக்கம் அதே சேதத்தை இளமையிலேயே செய்கிறது. உடலுழைப்பு அகவணியின் திறனைக் காக்கும் என்பதால், செங்குத்தான மலைகளில் கூடையோடு ஏறியிறங்கிய அம்மாவின் நாடிகளுக்கு அந்த உழைப்பு ஓரளவு கைகொடுத்திருக்கும். ஓய்வுக்குப் பிறகு அடுப்படிக்கும் இஸ்தோப்புக்கும் (வீட்டின் முன் விறாந்தை) இடையில் அவருடைய நடை சுருங்கிவிட்டது. (வெற்றிலையோடு புகையிலையும் போடும் வழக்கம் மட்டும் சுருங்கவில்லை.)

கருவி இவற்றில் எதையும் அளப்பதில்லை. அது செய்வது எளிய வேலை. கைப்பட்டியில் காற்றை ஏற்றி நாடியை அழுத்திவிட்டு, மெல்ல இறக்கும்போது நாடியின் துடிப்பால் பட்டிக்குள் எழும் சிறு அதிர்வுகளைக் கவனிக்கிறது. அந்த அதிர்வு உச்சமாக இருக்கும் இடமே சராசரி அமுக்கம். நாம் திரையில் பார்க்கும் மேல் எண்ணும் கீழ் எண்ணும் அந்த அதிர்வுகளின் வடிவிலிருந்து தயாரிப்பாளரின் சூத்திரத்தால் கணிக்கப்பட்டவை. ரிவா-ரொச்சி 1896 இல் கைப்பட்டியையும், கொரொட்கொவ் 1905 இல் குழலை வைத்துக் கேட்கும் முறையையும் கொண்டுவந்த காலத்திலிருந்து வைத்தியர்கள் காதால் கேட்டு எடுத்த எண்கள் இப்போது கணக்குப்போட்டு வருகின்றன. நாடி மிகவும் விறைத்திருந்தாலோ, இதயத் துடிப்பு ஒழுங்கற்றிருந்தாலோ இந்தக் கணக்குப் பிசகலாம். ஆகவே முதியவருக்கு வாங்குகிறவர்கள் பெட்டியின் பளபளப்பைப் பாராமல், அந்த மாதிரி முறையாகச் சோதித்து உறுதிசெய்யப்பட்டதா என்று ஸ்ட்ரைட் பிபி போன்ற இணையப் பட்டியலில் தேடிப் பார்ப்பது நல்லது. நான் வாங்கிய பின்னர்தான் தேடினேன். நல்லவேளை, பெயர் இருந்தது.

இனிக் கைப்பட்டி. இங்கேதான் எனக்கு மெய்யாகவே கோபம் வந்தது. பெட்டிக்குள் இருந்த பட்டி 22 முதல் 32 சென்ரிமீற்றர் சுற்றளவுள்ள கைக்கானது. அம்மாவின் மேற்கையைத் தையல் நாடாவால் அளந்தபோது 21. தோட்டத்து முதிய பெண்கள் பலரின் கை இப்படித்தான் மெலிந்திருக்கும். ஆனால் கடையில் “எல்லாருக்கும் சரிவரும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மறுபடி போய்க் கேட்டபோது, சிறிய பட்டி அவர்களிடம் இல்லை, பெட்டி திறந்தபடியால் மாற்றவும் முடியாது என்றார்கள். பெரிய பட்டியைச் சிறிய கையில் கட்டினால் அளவு உண்மையைவிடக் குறைவாகவும், சிறிய பட்டியைப் பருத்த கையில் கட்டினால் கூடுதலாகவும் காட்டும். மூன்று வாரம் கழித்துக் கொழும்பிலிருந்து வருவித்த சிறிய பட்டியைக் கட்டியபோது அம்மாவின் மேல் எண் வழக்கமாக வந்ததைவிட ஐந்தாறு கூடவே வந்தது. ஆக, முதல் நாள் கண்ட 164 கூடக் குறைத்துச் சொன்ன எண்ணாக இருந்திருக்கலாம். பட்டிக்கு மட்டும் தனியாக 3,800 ரூபா.

மலைநாட்டுக்கென்று இரண்டு விடயங்கள் உண்டு. கையேட்டில் கருவி இயங்கும் வெப்பநிலை 10 முதல் 40 பாகை என்றும், வளியமுக்கம் 800 முதல் 1060 ஹெக்டோபாஸ்கல் என்றும் இருக்கிறது. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் இங்குள்ள வளியமுக்கம் அந்தக் கீழ் எல்லையை ஒட்டி நிற்கிறது. கருவி சுற்றியுள்ள காற்றுக்கு மேலான அமுக்கத்தையே அளப்பதால் உயரம் எண்ணை மாற்றிவிடாது. ஏழு மாதத்தில் ஒரு தடங்கலும் வரவில்லை. குளிர்தான் சிக்கல். ஜனவரியின் அதிகாலையில் எங்கள் காம்பராவுக்குள்ளேயே பத்துப் பாகைக்கு இறங்கிவிடும். கருவி திணறுவதைவிட முக்கியம், உடல் திணறுவது. குளிரில் தோலின் குழாய்கள் சுருங்கி அமுக்கம் ஏறும். விறைத்த நாடியுள்ள முதியவர்களிடம் அந்த ஏற்றம் இன்னும் பெரிது. ஒரே காலையில் இஸ்தோப்பில் எடுத்த அளவுக்கும், அரைமணி நேரம் கழித்து அடுப்படியின் இளஞ்சூட்டில் எடுத்த அளவுக்கும் அம்மாவுக்குப் பதினான்கு புள்ளி வித்தியாசம் வந்தது. இப்போது எப்போதும் அடுப்படியில்தான் எடுக்கிறோம்.

எடுக்கும் முறை பற்றி ஒன்று. ஐந்து நிமிடம் பேசாமல், முதுகு சாய்த்து, இரு பாதங்களும் தரையில் பட, கை இதயத்தின் மட்டத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுக்க வேண்டும். கை பத்துச் சென்ரிமீற்றர் கீழே தொங்கினாலே ஏழெட்டுப் புள்ளி கூடிவிடும். அரைமணி நேரத்துக்குள் தேநீர் குடித்திருக்கவும் கூடாது. சாயத்தண்ணி குடிக்காமல் விடியாத வீட்டில் இதைச் சொல்லிப் பாருங்கள்! முதல் நாள் பட்டி இறுகியபோது அம்மா “என்னாப்பா இது, கைய இப்புடி நெரிக்குது?” என்று பதறியதில் எண் பத்து ஏறியது. சுவெட்டரின் கையை மேலே சுருட்டிவிட்டு அதற்குக் கீழே கட்டினால், சுருட்டிய துணியே இறுக்கிப் பிழையான அளவைத் தரும்; கழற்றிவிட்டுப் போர்வையைத் தோளில் போட்டுக்கொள்வதே வழி.

கருவி செய்த மிகப் பெரிய உதவி நின்றபடி எடுத்த அளவு. அம்மாவுக்குக் காலையில் எழுந்தவுடன் தலை சுற்றும். ஒருமுறை குழாயடியில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். கழுத்து நாடியின் சுவரிலும் பெருநாடி வளைவிலும் இருக்கும் உணரிகள், சுவர் இழுபடுவதை வைத்தே அமுக்கத்தை அறிந்து, நாம் எழும்போது குழாய்களைச் சுருக்கும்படியும் இதயத்தை விரைவுபடுத்தும்படியும் மூளைவழியாகச் செய்தி அனுப்புகின்றன. விறைத்த சுவர் சரியாக இழுபடாததால் அந்தச் செய்தி மங்கிவிடுகிறது. உட்கார்ந்திருந்தபோது 158 ஆக இருந்த மேல் எண், எழுந்து ஒரு நிமிடத்தில் 134 ஆக விழுந்தது. இருபதுக்கு மேல் விழுந்தால் கவனிக்க வேண்டும். உட்கார்ந்தால் கூட, நின்றால் குறைவு; இரண்டும் ஒரே விறைப்பின் இரண்டு முகங்கள் என்பது இந்த எண்களைக் கொப்பியில் அடுத்தடுத்து எழுதியபோதுதான் எனக்கு உறைத்தது.

இதற்கு முன்பு மாதாந்தக் கிளினிக் ஒன்றில், “வயசுக்குக் கொஞ்சம் கூடத்தானே செய்யும்” என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த எண்ணம் பழையது. தோட்டத்தில் பலரும் இன்னும் நம்புவது. மேல் எண் மட்டும் உயர்ந்திருந்த, அறுபதும் அதற்கு மேலும் வயதான 4,736 பேரிடம் அமெரிக்காவில் நடத்தி 1991 இல் வெளியான ஷெப் ஆய்வில், மருந்து கொடுத்தவர்களிடம் பக்கவாதம் 36 சதவீதம் குறைந்தது. எண்பது தாண்டியவர்களுக்கும் மருந்து பயன் தரும் என்பதை 2008 இல் ஹைவெட் ஆய்வு காட்டியது. கூடுவது இயல்பாக இருக்கலாம். அதற்காக அதை விட்டுவைக்க வேண்டியதில்லை. இரண்டு வாரக் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டியபோது, வேறொரு வைத்தியர் உட்கார்ந்த அளவுகளையும் நின்ற அளவுகளையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்துவிட்டு, ஒரேயடியாக மருந்தைக் கூட்டாமல், சிறிய அளவாகக் கூட்டினார். கருவாட்டையும் கட்டச்சம்பலில் உப்பையும் குறைக்கச் சொன்னார். ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பு என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அம்மாவின் கணக்கில் அது ஒருவேளை ரொட்டிக்கே காணாது. ஓகஸ்டில் அம்மாவின் வாரச் சராசரி 146க்கு 68, நின்றால் 136. வீட்டில் எடுக்கும் அளவுக்கு 135க்கு 85 என்பதையே எல்லையாக வைத்திருக்கிறார்கள் என்பதால் அவர் இன்னும் மேலேதான் நிற்கிறார். ஆனால் குழாயடியில் சரியவில்லை. என்னுடையது 132க்கு 86, மாத்திரையோடும் மாலை நடையோடும்.

கடையில், ‘நாடியின் வயது’ காட்டும் மாதிரி ஒன்றை இன்னும் பன்னிரண்டாயிரம் ரூபா கூடுதலாகக் கொடுத்து வாங்கச் சொன்னார்கள். வாங்காதது நல்லது என்று நினைக்கிறேன். கைப்பட்டியிலிருந்து விறைப்பைக் கணிக்கும் இவ்வகைக் கருவிகள் பலவற்றில், வயதும் மேல் எண்ணுமே விடையின் பெரும்பகுதியைத் தீர்மானித்துவிடுகின்றன. அம்மாவின் வயதை அம்மாவிடமே கேட்கலாம். மணிக்கட்டில் கட்டும் மலிவான வகையையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கையை இதய மட்டத்தில் பிடிக்க முதியவர்களால் முடிவதில்லை.

மற்றவை சில்லறை விடயங்கள். நான்கு பற்றரிகள் ஐந்து மாதம் வந்தன. இருவருக்குத் தனித்தனியே அறுபது அளவுகளைச் சேமிக்கும் என்றாலும், பொத்தானை மாற்றி அழுத்தி அம்மாவின் கணக்கில் என் அளவுகள் கலந்துவிட்டதால் கொப்பியில் எழுதுவதே நம்பிக்கை. திரை எழுத்து பெரிது. கண்ணாடி இல்லாமலே அம்மா வாசிக்கிறார். பட்டியின் ஒட்டும் பகுதியில் சுவெட்டரின் கம்பளி நூல் ஏறி, நான்காம் மாதத்திலேயே பிடி விட்டுப்போய், காற்று ஏறும்போது ‘டர்’ என்று பிரிந்து அளவு பிழைத்தது. பழைய பல்துலக்கியால் நூலைக் கோதி எடுத்துவிட்டுக் கட்டிப் பார்த்தேன், மறுபடி பிடிக்கிறது.